வயதுக்கு மீறிய அறிவு

இன்று காலை பரீட்சைக் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் நெடி மூக்கில் ஏறியதுமே நாம் சேர்ந்து படித்த மூவார் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தா கண்முன் வந்துவிட்டது. வரிசையின் கடைசியில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக நீ நிற்கிறாய். போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன்னோடு பேச எனக்குக் காகிதத்தைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் நம்மைச் சோதிக்க வந்த நாளைச் சொல்கிறேன். கீழ்வகுப்பில் வயதுக்கு மீறிய அறிவுள்ள ஒரு பையனைப் பொறுக்கி, இரண்டு வகுப்பு தாண்டி உட்காரவைத்து, கடைசிவரை சம்பளமில்லாமல் படிக்கவைப்பது அப்போதைய ஏற்பாடு. மனக்கணக்கில் அவர் கேள்வியை முடிக்குமுன் நீ விடை சொன்னாய். ஆங்கிலப் பாடத்தைப் புத்தகம் பாராமல் ஒப்பித்தாய். நான் பாதிக் கணக்கிலேயே திணறினேன். அந்த இடம் யாருக்கு என்பதில் கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

பிறகு வயதைக் கேட்டார்கள். எனக்குக் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. உனக்கு உன் வாப்பா மட்டும் இருந்தார். சாப்பாட்டுக் கடையை அப்படியே விட்டுவிட்டு, வெளுத்த கைலியும் தொப்பியுமாக வந்து நின்றார். மொழிபெயர்க்க நின்றவர் பள்ளிக் குமாஸ்தா. நம் தமிழர்தான்.

"பாய், பையனுக்கு என்ன வயசு? துவான் கேக்குறாரு."

"நோம்பு மாசத்துல பொறந்தவன். நல்ல மழை. அன்னிக்குத் தோணிகூட வரல."

"நோம்பு வருசா வருசம் வருது பாய்! எந்த வருசம்?"

"பத்து முடிஞ்சிருக்கும்... பதினொண்ணு நடக்குதோ என்னமோ."

குமாஸ்தா துரையிடம் திரும்பி, "தகப்பனுக்குத் தெரியாதாம்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டார்.

துரை உன்னை அருகில் அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். மேலுதட்டில் அரும்பியிருந்த பூனைமுடியைப் பார்த்தார். பதினான்குக்குக் குறையாது என்றார். அந்த வயதில் இவ்வளவு தெரிந்திருப்பது அதிசயமில்லை என்றார். இடம் எனக்கு வந்தது. வயது கடந்தவன் என்று அந்த ஆண்டு முடிவில் பள்ளிப் பதிவிலிருந்து உன் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

"டேய், பல்லைப் புடிச்சுப் பாத்தானே, நான் என்ன மாடா? வெலைய மட்டும் சொல்லாம போயிட்டான்!" என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

அவர்களுடைய அளவுகோலைப் பார். வயது தெரிந்தால்தானே அறிவு அதை மீறியதா என்று பார்க்கலாம்? பிறந்த தேதியை எழுதிவைக்க ஆளில்லாத வீட்டில் பிறந்தவனுக்கு அறிவு இருக்கவே முடியாது என்று ஆகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு துரை வேண்டும், அவருக்குக் குதிரைவண்டி வேண்டும், மாலை மரியாதை வேண்டும். அப்படிப் பொறுக்கியெடுத்த அதிபுத்திசாலி இன்று ஜொகூர் பாருவில் பள்ளிக் குமாஸ்தா. உன் கடைக்கு நான் வரும்போதெல்லாம், "வாங்க, வயசுள்ள மனுசரே!" என்று கேலி செய்துகொண்டே பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைப்பாய். உனக்குக் கோபம் என்றோ போய்விட்டது. உன் பங்கையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.

துரையைக்கூட விட்டுவிடலாம், அவருக்கு நம் மொழி தெரியாது. வாப்பா சொன்ன பத்தையும் பதினொன்றையும் காதால் கேட்டுவிட்டு, "தெரியாதாம்" என்று சொன்ன அந்த மனிதரை எப்படி விடுவது?

இன்று அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பால்மரத் தொழிலாளிப் பெண் தன் மகனோடு வந்திருந்தாள். பையன் கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான். புது இன்ஸ்பெக்டரும் வயதைத்தான் கேட்டார்.

"தோட்டமே காய்ச்சல்ல கெடந்துச்சு, கிராணி ஐயா. தேதியெல்லாம் யாரு பாத்தா?" என்றாள் அவள், குமாஸ்தாவான என்னைப் பார்த்து.

"போன மாதம் பன்னிரண்டாம் தேதியோடு பத்து முடிந்தது" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். தாய்க்குத் தெரியாதா என்று கேட்டேன். எழுதிக்கொண்டார். பையனுக்கு இடம் கிடைத்தது.

வெளியே வந்ததும் அவள், "என்னங்கய்யா சொன்னீங்க?" என்றாள்.

"உம் மகன் பொறந்த தேதிய."

"எனக்கே தெரியாதேய்யா!"

"இனிமே தெரிஞ்சுக்க."

அந்தத் தேதியை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். உன் வாப்பாவுக்கு இப்படி ஒரு தேதியைக் கொடுக்க அன்று ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை மிச்சம் பிடித்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.