குட்டியின் காலுக்கு நெய்

சென்னீர்குப்பம்,
12.8.1988

வேம்புலியம்மாளுக்கு, உன் புருஷன் சின்னப்பையன் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு ஜெயசீலி எழுதுவது. நான் சுகமாக் கீறேன். உன் முட்டிவலி எப்படிக் கீது?

நான் காவல் காக்கிற குடோனுக்கு ஒரு பூனைக்குட்டி வந்துச்சு. ரூமுல விட்டாலும் நிக்காம, லாரி போற பெங்களூர் ரோட்டுக்கே மூணு தரம் ஓடிச்சு. நானும் பின்னாலயே ஓடினேன், பயப்படாதே. நமக்குக் கல்யாணமான வருஷம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நீ தூக்கியாந்த பூனை ஓடிப்போகாம வீட்டுலயே தங்கணும்னு அதுக்குக் காலில் நெய் தடவினியே, அது ஞாபகம் வந்தது. ஜெயசீலி கொடுத்த நெய்யைத் தடவினேன்.

"இன்னா தாத்தா, குட்டிக்கு நலங்கு வெக்கிறியா?" என்று இந்தப் பொண்ணு சிரிச்சுது.

குட்டி காலை நக்கிக்கினே தூங்கிப்போச்சு. அப்புறம் ரோட்டுப் பக்கமே போகலை. உன்னாலதான் பிழைச்சுது, புள்ளே.

ஜெயசீலிக்கு வேலைக்கு நேரமாச்சு, முடிக்கிறேன். குட்டி படுக்க உன் பழைய புடவை ஒண்ணு அனுப்பு. துவைக்காதே.