எண்பது இடது கைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். முதலாண்டு மாணவர்களுக்காக நீ எழுதிய இருத்தலியல் புத்தகம் வந்து சேர்ந்தது. தத்துவம் நமக்கு எட்டாக்கனி என்று நினைத்துத்தான் தொட்டேன், கீழே வைக்க முடியவில்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பார். சட்டைக்கு முன்பே அதன் அளவு அட்டை இருக்கிறது, நான் அதன்படி வெட்டுகிறேன். மனிதனுக்கு அப்படி அட்டை கிடையாது, முதலில் பிறந்துவிடுகிறான், தான் யார் என்பதைத் தன் செயலால் பிறகுதான் ஆக்கிக்கொள்கிறான். முப்பது வருடம் அட்டையோடு புழங்கியவனுக்கு இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதே யோசனையில் திங்கட்கிழமை கம்பெனியில், இடதும் வலதுமாகக் கை கிடைக்கும்படி பூப்போட்ட துணியை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காமல் எல்லாவற்றையும் முகம் மேலாக அடுக்கி வெட்டிவிட்டேன். எண்பது அடுக்கும் இடது கை, சட்டைக்கு வலது கை ஒன்றுகூட இல்லை. யார் வேலை இது என்று மேற்பார்வையாளர் கேட்டார். வெளிச்சம் போதவில்லை, அவசரப்படுத்தினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வேறு வழியில்லை என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஆளைப் பற்றி நீ எழுதியிருந்தது சுருக்கென்று உறைத்தது. "நான்தான் சார் பண்ணேன், வேற யாரும் இல்ல" என்றேன். சாக்கு எதுவும் இல்லாமல் நின்ற அந்த நிமிடம் காலடியில் தரையே இல்லாத மாதிரி பயமாக இருந்தது, இத்தனை வருடம் எனக்குள் இவ்வளவு சுதந்திரம் இருந்ததா என்று பிரமிப்பாகவும் இருந்தது. அவர் திட்டித் தீர்த்தார், அது வேறு கதை. பெண் புத்தகம் எழுதி அப்பன் வேலைக்கு உலை வைக்கிறாள் என்று அம்மா சிரிக்கிறாள்.

அங்கே கல்லூரியிலேயே நிரந்தர வேலையில் சேர்வதா, திரும்பி வருவதா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். என் பேச்சைக் கேட்டு முடிவெடுத்தாலும், கேட்பது என்று முடிவெடுத்தது நீதானம்மா. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய், தள்ளிப்போடாதே, சும்மா இருப்பதும் ஒரு பதில்தான். எதைத் தேர்ந்தாலும் எங்கள் ஆசி உனக்கு முழுசாக உண்டு. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, அதை மறைக்கவில்லை. 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுவாய் என்றும் தெரியும். எழுதச் சொல்லி அம்மா நேற்று அழுதாள். எழுதாமல் விடுகிறேன், இது என் முடிவு.

உன் அப்பா