முந்தி அடித்த மணி

1959 பிப்ரவரி 2, திங்கள்

டிகிரி முடித்த பெண்கள் இரண்டு பேர் இன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வாத்தியார் வேலைக்கு பி.டி. என்று இன்னொரு படிப்பு இருக்கிறதாம். அதற்கு நம் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திப் பழக வேண்டுமாம். ஒருத்தி பொன்னழகு, தொப்பம்பட்டிக்காரி. இன்னொருத்தி நர்கீஸ், நம்மூர்தான்.

பெரிய வாத்தியார் என்னைக் காட்டி, பியூன் செபஸ்தியான் சம்சாரம், அவன் போனதும் வேலையை இவளுக்கே கொடுத்தோம், அவனைப் போலவே நேரம் தப்பாமல் மணி அடிக்கிறாள் என்றார்.

அவரா? நேரம் தப்பாமலா?

கிறிஸ்துமஸுக்கு முந்தி அவர் செத்ததிலிருந்து இப்படித்தான். எல்லாரும் யாரோ ஒரு தங்கமான மனுசனைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஆளை எனக்குத் தெரியாது. அழுகையும் வரமாட்டேன் என்கிறது. நாத்தனார் வியாகுலம்மாள் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள் - "எந்தம்பி செத்து ரெண்டு மாசமாகப் போகுது, இவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலயே."

பிப்ரவரி 4

இந்தப் பி.டி. படிப்பு விநோதம். ஒருத்தி பாடம் நடத்த, மற்றவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறை எழுதுகிறாள். பாடம் முடிந்ததும் நல்லது இரண்டு, குறை எத்தனையோ அத்தனை, எழுந்து வாசிக்க வேண்டும். சுவரைப் பார்த்தே பேசுகிறாய், சாக்பீஸை மூன்று தடவை கீழே போட்டாய் என்று நர்கீஸ் வாசித்தாள். பொன்னழகு எழுந்து, "நன்றிங்க" என்றாள். குறை சொன்னவளுக்கு!

எங்கள் வீட்டில் இப்படி இருந்திருந்தால் அவர் நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்.

பிப்ரவரி 9

ஏழாம் வகுப்பில் அம்மை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நர்கீஸுக்கும் போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை பொன்னழகுக்குப் பரீட்சை வைக்க அதிகாரி வருகிறார், தேதியை மாற்ற மாட்டாராம். பிள்ளை இல்லாமல் யாருக்குப் பாடம் நடத்துவது என்று அழுதாள். அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

நான் இன்று ஏழாம் வகுப்பு. மூன்றோடு நின்றவள். பிள்ளைகளுக்குப் பதிலாக எங்களை உட்கார வைத்தது பெரிய வாத்தியார் ஏற்பாடு. பக்கத்தில் தோட்டக்காரர் ஆண்டிச்சாமி, அந்தப் பக்கம் ஐஸ் விற்கிற சேக் பரீது. பெஞ்சுக்குள் கால் நுழையாமல் பரீது குறுக்கே உட்கார்ந்திருந்தார். அதிகாரி எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை, பிள்ளைகள் என்றே எழுதிக்கொண்டார்.

பாடம் ஒலி. பொன்னழகு எங்கள் மணியை, அந்தத் தண்டவாளத் துண்டை, மேசைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பிடித்துப் பிடித்து வழவழத்துப்போன சுத்தியலால் தட்டினாள். எதற்குச் சத்தம் வருகிறது என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போறதுக்கு" என்றார் பரீது.

பாடம் முடிந்தது. குறை வாசிக்க நர்கீஸ் இல்லை. குறை இல்லாமல் பாடம் செல்லாது என்றார் அதிகாரி. யாராவது ஒரு பிள்ளை எழுந்து சொல்லட்டும் என்றார். ஆண்டிச்சாமி என்னை இடித்தார். எழுந்தேன்.

நல்லது முதலில். குரல் கணீரென்று இருக்கிறது. யாரையும் அடிப்பதில்லை.

குறை என்றதும் மணிதான் கண்ணில் பட்டது. "மத்தியான மணியை அஞ்சு நிமிசம் முந்தியே அடிக்கிறது. பசி தாங்காது" என்றேன். அப்புறம் நிற்கவில்லை. "ராத்திரி கொறட்டை. மீன் தலையை ஒரு நாளும் எனக்கு வச்சதில்ல. கூரையை நாளைக்கு வேயுறேன், நாளைக்கு வேயுறேன்னு சொல்லிட்டே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம..."

கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. அதிகாரி தலை நிமிராமல் எல்லாவற்றையும் எழுதினார், பொன்னழகின் குறைகளாக. கொறட்டையையும்.

பொன்னழகு என்னையே பார்த்தாள். முறைப்படி எழுந்து நின்றாள். "நன்றிங்க" என்றாள்.

அவர் சார்பில் யாரோ சொன்னது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து நாத்தனார் தங்கமான தம்பி என்று ஆரம்பித்தாள். "கொறட்டை விடுவாரு மதினி" என்றேன். முறைத்தாள். அப்புறம், "சின்னதுலயே அப்படித்தான்டி. நாங்க தூங்கினதே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் விழுந்து அழுதாள். நானும்.

மார்ச் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பொன்னழகு பாஸ். சாப்பாட்டு முறையைத் திருத்திக்கொள்ளச் சொல்லி அதிகாரி எழுதியிருக்கிறாராம்.

மத்தியானம் ஐந்து நிமிசம் முந்தியே மணி அடித்தேன். பெரிய வாத்தியார் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பிடப் போய்விட்டார்.