எழுதியது யார் என்று ஒரு சான்று

திருப்பதி
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? போன் செய்தால் "கோர்ட்டில் இருக்கிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில். அதனால்தான் பதிவுத் தபால். வரவில்லை என்று சொல்ல முடியாது.

உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெழுதித் தரும் லா கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். முப்பது வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். எனக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. சொந்தமாக எழுதிய ஒன்றை இணைக்க வேண்டும். என் வகுப்பில் எல்லாரும் கல்லூரிக் கட்டுரையைத்தான் அனுப்புகிறார்கள். நிஜ வழக்கில் எழுதியது இருந்தால் தனியாகத் தெரியும் என்கிறார் பேராசிரியர்.

சட்டம் படிக்க வருவதற்கு முன் உங்கள் ஆபீசில் நான் எழுதிய நகரி முனிகிருஷ்ணன் வழக்கின் எழுத்து வாதத்தை இணைக்கப் போகிறேன். லாரி மோதிக் கை முறிந்த தறிக்காரர். புத்தூரில் நாட்டு வைத்தியரிடம் எலும்புக்கட்டுப் போட்டதற்கு ஆஸ்பத்திரி ரசீது எங்கே என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்களே, அதுதான். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. எழுதியது நான் என்று நான்கு வரியில் சான்று கொடுங்கள். 20ஆம் தேதிக்குள் வேண்டும்.

உங்கள் மனைவி, இன்னும் பொறுமை இழக்காத
அகிலா

சித்தூர்
9.2.2025

அன்புள்ள அகிலாவுக்கு,

நலம். மிக்சி ஜார் மூடியைத்தான் காணோம். பொண்டாட்டியிடமிருந்து வந்த பதிவுத் தபாலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், டைவர்ஸ் நோட்டீஸா?" என்று போஸ்ட்மேனே கேட்டுவிட்டார்.

எழுத்தைப் பார்த்து வேலை கொடுப்பார்கள் என்று நம்புகிறாயே! யாராவது சொல்ல வேண்டும். ஒரு நீதிபதியின் சகலை திருமலைக்கு வருகிறாராம். தரிசனத்துக்கு ஏற்பாடு செய்துகொடுத்து மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன். இங்கே அம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனையும் செய்தேன். குங்குமமும் சான்றும் இத்துடன்.

அன்புடன்
சுரேஷ்பாபு

திருப்பதி
12.2.2025

மாமா,

சகலையிடம் வாயைத் திறந்தால் என் விண்ணப்பத்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒன்றும் செய்யாதீர்கள்.

குங்குமத்தை எடுத்துக்கொண்டேன். சான்றைத் திருப்பி அனுப்புகிறேன். "என் வழிகாட்டுதலின்படி தட்டச்சு செய்து உதவினார்." தட்டச்சா? மூன்று நாள் பஸ் பிடித்துப் புத்தூர் போய், கட்டுக் கட்டுபவரிடம் வாக்குமூலம் வாங்கியது தட்டச்சா? நீதிபதி கேள்வி கேட்டபோது விழித்துவிட்டு, என் பதினோராம் பத்தியைத்தானே அப்படியே வாசித்தீர்கள்? வழக்கு ஜெயித்ததும் பேப்பரில் வந்த உங்கள் படத்தை வெட்டி ஒட்டியது நான்தான். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் ஒட்டினேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உண்மையை எழுதுங்கள். இல்லை, முடியாது என்றாவது எழுதுங்கள்.

அகிலா

சித்தூர்
17.2.2025

அகிலா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மற்ற வக்கீல்கள் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று முனிகிருஷ்ணன் தன் தம்பி வழக்குக்காக வந்தார். உட்காரக்கூட இல்லை. "அம்மா எங்க சார்? அவங்கதான் புத்தூர்ல எங்கூட உக்காந்துக்கினு எல்லாம் கேட்டு எழுதினாங்க. அவங்க இருக்கசொல்ல வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். கட்சிக்காரருக்கே தெரிந்ததைத்தான் நான் இத்தனை நாள் மூடி மறைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சான்று இத்துடன். முழுக்க நீ எழுதியது, நான் வாசித்தேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறேன். நீ கேட்காத இரண்டு வழக்குகளையும் சேர்த்திருக்கிறேன், அவையும் உன்னுடையவைதான். சகலையிடம் பேசவில்லை.

மற்றவர்கள் சிரிப்பது பற்றியெல்லாம் எனக்குக் கவலை இல்லை. படிப்பு முடிந்து வீட்டுக்கு வராமல் நீ அமராவதி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் ஆபீசில் எழுத ஆளில்லை. வீட்டில் என்னோடு சண்டை போடவும் ஆளில்லை. அந்தப் பயத்தில்தான் இழுத்தடித்தேன்.

வேலை கிடைத்தால், போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சொல். முன்னாலேயே சொன்னால் ஏதாவது பேசி உன்னைத் தடுத்துவிடுவேன்.

சுரேஷ்பாபு