சுந்தரி அண்ணி வீட்டுக் குளிர்

என் அன்புக்கும் அலுப்புக்கும் உரிய சுந்தரி அண்ணிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மணிக்கு மூன்று தடவை பாத்ரூம் போனேனே, அது பாத்ரூமுக்கு இல்லை. போகிற வழியில் சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டுக்கு. அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும் சக்கரத்தை எழுபத்து நாலுக்குத் திருகிவிட்டு, சும்மா ஒரு ஃப்ளஷ் பண்ணிவிட்டு, உத்தமி மாதிரி வந்து சோபாவில் உட்காருவேன். பத்து நிமிஷம் கழித்து, "அப்பாடா, இப்பத்தான் கதகதன்னு இருக்கு" என்பேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டினீர்கள். "ரேவதி, சிரிச்சு மழுப்பாத. சுகர் டெஸ்ட் பண்ணிப் பாரு. எங்க பாஸ்கருக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் எதிரிலேயே சொல்லி, வெந்தயத்தை வறுத்துப் பொடித்து ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினீர்கள். நாத்தனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எங்கள் எடிசன் ஊர்த் தமிழர்கள் உருகினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்த வருஷக் குளிரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஹீட்டிங் பில் வந்த அன்று உங்கள் தம்பி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார். இப்போது எங்கள் வீடும் அறுபத்திரண்டில் நிற்கிறது. மங்கி குல்லாவோடு, கேமராவை அணைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருகிறார். வாட்ஸ்அப் குழுவில் கொலுப் படம் போட்டவர்கள் எல்லாம் குளிர் புகாமல் ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டிய படம் போடுகிறார்கள். "உங்க வீட்ல எத்தனைல வெச்சிருக்கீங்க?" என்பதுதான் இப்போது நலம் விசாரிக்கும் முறை. ஆளுக்கு இரண்டு டிகிரி கூட்டியே சொல்கிறோம்.

இதையெல்லாம் நீங்கள் முன்பே செய்தீர்கள். அப்போது நான் அதற்கு வைத்த பெயர் ‘சுந்தரி கோல்ட் ஸ்டோரேஜ்’. பொங்கல் விழா மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, நீங்கள் விருந்தாளிக்குக் காபியோடு சால்வையும் கொடுப்பதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். முன் வரிசையில் உட்கார்ந்து நீங்களும் தட்டினீர்கள். எப்படி அண்ணி முடிந்தது உங்களால்?

சனிக்கிழமை தோறும் நூலகத்தில் நான் ஒரு மேசை போட்டு உட்காருவது உங்களுக்குத் தெரியும். ஹீட்டிங் செலவைச் சமாளிக்க முடியாதவர்களுக்கு அரசாங்க உதவிப் படிவம் நிரப்பித் தரும் மேசை. பாதி தொண்டு. மீதி, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு. போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நான் அன்று வரமாட்டேன் என்று நினைத்தோ என்னவோ, நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். கையில் ஒரு பழுப்பு உறை. என்னைப் பார்த்ததும் உங்கள் கால் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். புக் ஒண்ணு ரிட்டர்ன் பண்ணணும்."

"புக்கா? நீங்களா? எப்பலேருந்து?"

"ஏன், நான் படிக்கக் கூடாதா?" என்று சிரித்தீர்கள். பத்திரிகை அடுக்கிய மூலையில், வெதுவெதுப்பான காற்று வரும் இடமாகப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு உறையோடு போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குப் போன் போட்டேன். "எங்க நாத்தனார் ஓசி ஹீட்டுக்கு லைப்ரரிக்கே வந்துட்டாங்கப்பா!" நாலு வீட்டிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உங்கள் காதுக்கு வர எத்தனை நாள் ஆனது? அதற்கப்புறம் நூலகம் பக்கம் நீங்கள் தலைகாட்டவே இல்லை.

மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இதயம் என்றார் டாக்டர். குளிரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹூஸ்டனிலிருந்து உங்கள் மகன் பிரபு, நீங்கள் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்ய வந்தபோது நானும் கூடப் போனேன். சமையலறை டிராயரில், கூப்பன்களுக்கு அடியில் அந்த உறை. உள்ளே உதவிப் படிவம். உங்கள் குண்டு குண்டு எழுத்தில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தீர்கள். வேலை என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. நீங்கள் வேலை பார்த்த டேகேர் மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்ததாம். எங்களிடம் "இப்பல்லாம் லீவு நெறைய குடுக்கறாங்க" என்றீர்களே!

"அத்தை, அம்மா ஏன் இத சப்மிட் பண்ணல? நீங்கதான அந்த டெஸ்க்ல இருக்கீங்க?" என்றான் பிரபு.

நான் அங்கே இருந்ததால்தான்டா கொடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்வம்பெல்லாம் பேசிய வாய். "மறந்திருப்பாங்க" என்றேன்.

தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. சொன்னால் என் காதுக்கு வரும், என் காதுக்கு வந்தால் நியூ ஜெர்சி முழுக்கப் போகும் என்று பயந்தீர்களா? நான் திருட்டுத்தனமாகத் திருகிய ஒவ்வொரு திருகுக்கும் உங்கள் பில் எவ்வளவு ஏறியது? அதை எப்படிக் கட்டினீர்கள்?

மேசையில் இன்னும் உட்காருகிறேன். ஆனால் வாசலைப் பார்க்காத மூலைக்கு அதை நகர்த்திவிட்டேன். போன வாரம் நம்மவர்களில் ஒருவர் உறையோடு வந்தார். அவர் யார் தெரியுமா... வேண்டாம். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன், வெந்தயப் பொடி மாதிரியே கசந்தது. அந்த மேசைக்கு வருகிறவர் பெயர் இனி என் வாயிலிருந்து வெளியே வராது. உங்கள் மேல் சத்தியம். உங்கள் கதையை மட்டும் ஊரறிய எழுதுகிறேன். கோல்ட் ஸ்டோரேஜ் என்று சிரித்த அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சர்க்கரை வியாதி இல்லாமலே உங்கள் வெந்தயப் பொடியைத் தினமும் விழுங்கும்
தம்பி பெண்டாட்டி ரேவதி

பின்குறிப்பு: வீட்டை வாங்குகிறவர் கூட்டி வந்த ஆள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திறந்து பார்த்தார். அது செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டதாம். சோபாவுக்குப் பின்னால் புடவை மறைப்பில் ஒரு சின்ன பிளக் ஹீட்டர் இருந்தது, அவ்வளவுதான். நான் திருகிய சக்கரம் எதையும் கூட்டவில்லை. ஆனாலும் நான் அடுத்து திருக வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் யாரோ அதை அறுபதுக்கு இறக்கி வைத்திருந்தார்கள்.