மேலே மழையா, அக்கா?

மழைச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றியே பேசிப் பழகிய என் அக்காவுக்கு,

உன் முதல் திதி நெருங்குகிறது. வீட்டில் எல்லாரும் அன்றைக்கு என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகை ஆபீசில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால் சொல்லிவிடுகிறேன். மச்சான் நன்றாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆறு அவரைக் கொண்டுபோயிருக்கும். கொண்டுபோகவில்லை.

பதறாதே. முழுதாகக் கேள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காக நடுநடுவே நீ அறிந்ததையே உனக்குச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நம் மலையில் மழை எல்லா ஊருக்கும் சேர்ந்து பெய்வதில்லை. ரிங்லெட்டில் என் வீட்டுக் கொடியில் துணி காயும்போது கியா பார்மில் உன் கடை வாசலில் மழைத் தண்ணீர் ஆறாக ஓடும். வானிலை அறிக்கையோ கேமரன் மலை மொத்தத்துக்கும் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறது: பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் மழை. அது தப்பாகப் போனதே இல்லை. எந்த இடம் என்று சொன்னால்தானே தப்பாகும்?

தூண்டில் போடுகிறவனுக்கு வேண்டியது அந்த இடம்தான். கியா பார்ம் பக்கத்து மலையில் விழும் தண்ணீர் தெர்லா ஆற்றில் இறங்கி, கோலா தெர்லாவில் தெலோம் ஆற்றோடு சேர்கிறது. நானும் மச்சானும் அதற்குச் சற்றுக் கீழே நிற்போம். எங்கள் தலைக்கு மேலே நீல வானம் இருக்கும். எங்கள் ஆற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்பது காய்கறிக் கடையில் உட்கார்ந்திருந்த உனக்குத்தான் தெரியும்.

உனக்கு மீன் பிடிப்பதில் துளிகூட ஈடுபாடு இல்லை. "ரெண்டு ஆம்பளைங்க நாள் முழுக்க நின்னு ஒரு மீனு. மார்க்கெட்ல அந்த மீனே வெட்கப்படும் லா" என்பாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கினால் போன் வந்துவிடும். மச்சான் ஸ்பீக்கரில் போடுவார். "கீரைய உள்ள எடுத்துட்டேன்" என்றால் தூறல், நாங்கள் நிற்கலாம். "ஸ்ட்ராபெரிய மூடிட்டேன்" என்றால் கரைக்குப் பக்கமாக வர வேண்டும். "நான் கடைக்குள்ள வந்துட்டேன்" என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை இது. மழை அளவை நீ உன் சரக்கை வைத்துச் சொன்னாய், நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம்.

ஒரு தடவை நீ பொய்யும் சொன்னாய். சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, மச்சான் ஆற்றை விட்டு வருவதாக இல்லை. "நான் கடைக்குள்ள வந்துட்டேங்க, கொட்டுது" என்றாய். நாங்கள் அடித்துப் பிடித்து மேலே வந்தால் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையில் நின்றுகொண்டு, "மழையா? அது அப்பவே விட்டுருச்சே" என்றாய். தரை காய்ந்து கிடந்தது. மச்சான் தரையையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார். சட்டை மாற்றப் போனார்.

மழை எங்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. தேயிலைத் தொழிற்சாலையில் மச்சான் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். மழையில் நனைந்த இலை வந்தால் வாட நேரம் பிடிக்கும் என்று மழையைத் திட்டியே சம்பாதித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே மழைக்கு ஏங்குவார். சன்னமாக, நிதானமாக ஒரு இரவு பெய்து விட்டால் காடு அதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குத் தரும். தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்கு வரும். பூச்சியும் பழமும் அடித்துக்கொண்டு வரும், தெங்காஸ் மீன் கல்லிடுக்கை விட்டு இரை தேடி வெளியே வரும். அந்த நாள்தான் நாள்.

கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை வேறு ஜாதி. அது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களின் மேல் விழுந்து, மண்ணில் இறங்க வழியில்லாமல், எல்லாத் தண்ணீரும் ஒரே மூச்சில் ஆற்றுக்கு வரும். ஆறு பால் கலந்த தேநீராகிவிடும். மீனுக்குக் கண் தெரியாது. நமக்கும் தெரியாது, கால் வைக்கும் இடத்தில் ஆழம் எவ்வளவு என்று. நீ போன பிறகு இந்தக் கூரைகள் இன்னும் கூடியிருக்கின்றன. முன்பு தண்ணீர் மேலிருந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆற அமரப் பொருட்களைக் கட்டலாம். இப்போது அந்த நேரம் சுருங்கிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. அளந்து பார்த்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வாரக்கணக்கில் சரியான மழை இல்லை. வறட்சி என்றால் காய்கறித் தோட்டக்காரர்கள் ஆற்றில் குழாயைப் போட்டு பம்பு வைத்து இழுப்பார்கள், உனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் ஆறு மெலியும். அப்படித்தான் அன்றைக்கும் மெலிந்தது. கல்லில் ஈரக் கோடு தெரிந்தது, அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டது. "பம்பு போட்டுட்டானுங்க" என்றார் மச்சான். "ஆமா" என்றேன். இரண்டு பேருக்குமே சந்தோஷம். வழக்கமாக எட்டாத நடுமடு, தண்ணீர் இறங்கினால் எட்டும். அவர் கல்லுக்குக் கல் தாண்டி ஆற்றின் நடுவில் இருந்த பாறைக்குப் போய்விட்டார்.

தண்ணீர் குறைந்தால் பம்பு. இங்கே மீன் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வேறு காரணமும் இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மச்சானின் பை கரையில் என் காலடியில் இருந்தது. அதற்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. "மச்சான், போன்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமல், வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு என் போன் அடித்தது. எடுத்தால் உன் மருமகள் யோகா. இப்போது கடையை அவள்தான் பார்க்கிறாள்.

"அங்கிள், மாமா ஏன் போனே எடுக்க மாட்டேங்கறாரு? பழைய கேன்வஸ் கயிறு எங்க வச்சாருன்னு கேளுங்க, சீக்கிரம்!"

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய இரைச்சல். லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

"என்னம்மா சத்தம் அது?"

"மழை அங்கிள், மழை! தகரம் பிச்சுக்கிட்டுப் போகுது. எப்போ ஆரம்பிச்சதுன்னு கேக்காதீங்க, ஸ்ட்ராபெரி எல்லாம் ஊறிப் போச்சு. கயிறு எங்க?"

எனக்கு வெயிலில் முதுகு சுட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு மெலிந்த ஆற்றைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மேலே அப்படிக் கொட்டும்போது இங்கே தண்ணீர் ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்குகிறது? எங்கேயோ மூங்கிலும் மண்ணும் கிழிந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஆற்றை அடைத்து நிற்கிறது. அது உடைந்தால் வருவதற்கு மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் தலை. அதைப் பற்றி நான் செய்தியும் எழுதியிருக்கிறேன்.

"மச்சான், மேல மழை! வாங்க!"

"இங்க வெயில் கொளுத்துது லா! இரு, ஒண்ணு கடிக்குது!"

"மேலங்க! கியா பார்ம்ல!"

"இருடா, ஒரு நிமிஷம்!"

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, அக்கா. தொண்டை கிழியக் கத்தினேன்: "அக்கா கடைக்குள்ள போயிட்டா மச்சான்!"

அவர் யோசிக்கவில்லை. தூண்டிலைக் கையிலிருந்து விட்டார். அந்த வயதில், அந்தக் கல்லில், அப்படி ஒரு ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசிக் கல்லில் வழுக்கினார், கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண் சரிவில் தவழ்ந்து ஏறினோம். முதலில் வந்தது வாசனைதான், தோண்டிய மண்ணின் வாசனை. அப்புறம், பாரம் ஏற்றிய லோரி முதல் கியரில் இறக்கத்தில் வருவது போன்ற முனகல். வளைவைத் தாண்டி அது வந்தபோது தண்ணீராகவே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் ஒரு சுவர், அதன் மேல் மூங்கில், பிளாஸ்டிக், முட்டைக்கோசுகள். மச்சான் நின்றிருந்த பாறை அதற்குப் பிறகு தெரியவில்லை.

போனை நான் இன்னும் காதில்தான் வைத்திருந்திருக்கிறேன். "அங்கிள்? அங்கிள்? கயிறு கேட்டேனே" என்று யோகா கத்திக்கொண்டிருந்தாள்.

மச்சான் மூச்சு வாங்கியபடி, "அடுப்புக்குப் பின்னால ஆணியில தொங்குதுன்னு சொல்லு" என்றார்.

கோலா தெர்லா சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"அக்கா போனதுலேருந்து நீங்க ஒரு தடவைகூட மேல மழையான்னு கேக்கல. கடையில ஆள் இருக்கில்ல? அந்தப் புள்ள போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்கறீங்க. என்னதான் நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அவர் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் உன் பெயரில்.

கடைக்காரர்களுக்கும் லோரிக்காரர்களுக்கும் பழகிய நம்பர் என்று யோகா உன் போனையே வைத்துக்கொண்டாள். அதில் தப்பில்லை, அவளுக்கு வியாபாரம் நடக்க வேண்டும். என் போனில் உன் நம்பர் கடை என்று இருக்கிறது. அவர் போனில் உன் பெயர். அவள் கயிறு கேட்டு அடித்தாலும், சாப்பிட வாங்க என்று அடித்தாலும், அங்கே உன் பெயர்தான் எரியும்.

"எடுத்தா வேற குரல் கேக்குதுடா" என்றார் மச்சான். "எடுக்கலன்னா அவ கூப்பிட்ட மாதிரியே இருக்கு."

எத்தனையோ பேரை அவர்களுடைய மோசமான நாளில் கேள்வி கேட்டவன் நான். அன்றைக்கு எனக்கு வந்தது ஒரே கேள்விதான். "பேர மாத்தித் தரட்டுமா?" என்றேன். "வேணாம்" என்று போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யோகாவிடம் நான் தனியாகச் சொன்னேன். அழுதாள். வேறு நம்பர் வாங்கிவிடுகிறேன் என்றாள். அதையும் மச்சான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் என்னதான் செய்வது? நீ இருந்தால் ஒரு அதட்டில் முடித்திருப்பாய். எங்களுக்கு அது தெரியவில்லை. சில ஞாயிறுகள் ஆற்றுக்கே போகவில்லை. அவர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானிலை அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "சில இடங்கள்ல, சில இடங்கள்ல" என்று அவர் முணுமுணுத்தார்.

போன வாரம் மறுபடி போனோம். புதுத் தூண்டில். இரவெல்லாம் நல்ல தூறல், தண்ணீர் அவருக்குப் பிடித்த நிறத்தில் இருந்தது. கரையில் நின்றே போடுவது என்று பேச்சு. மதியத்துக்கு மேல் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

நீ கூப்பிட்டால் அவர் எப்படி எடுப்பார்? "என்னா?" என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். அன்றைக்குப் போனைக் காதில் வைத்தார், தொண்டையைச் செருமினார். "சொல்லும்மா யோகா" என்றார்.

அவள் கீரை, ஸ்ட்ராபெரி கணக்கெல்லாம் சொல்வதில்லை. "மாமா, கறுத்துக்கிட்டு வருது, எனக்குப் பிடிக்கல, கெளம்புங்க. ரெண்டு பேரும்" என்றாளாம். அவர் தூண்டிலை மடக்கத் தொடங்கினார். மேலே போகும்போது கார் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், அக்கா. அவர் இனி ஒவ்வொரு தடவையும் எடுப்பார் என்று நான் எழுதித் தர முடியாது. முடியாத நாளும் வரும். அந்த நாளில் நான் எடுப்பேன். மேலே மழையா என்று கேட்காமல் உன் வீட்டுக்காரர் ஆற்றில் கால் வைக்க மாட்டார், நான் பக்கத்தில் இருக்கும் வரை.

உன் கூடப் பிறந்தவன்,
மச்சானோடு ஆற்றுக்குப் போகிற தம்பி