எஞ்சின் மேல கை வைக்காதீங்க

என்னங்க,

லேப்ல ஆள் வரலைன்னு போன் வந்துது, கிளம்பிட்டேன். அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலை. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. வீட்டுச் சாவி செருப்பு அலமாரி மேல.

சாப்பாட்டு மேசையில நான் செஞ்சுக்கிட்டிருக்கிற குட்டி நேரோ கேஜ் ரயில் எஞ்சின் மாடல் மேல மட்டும் கை வைக்காதீங்க. எடைக்காக உள்ள ஈயத் துண்டு ஒட்டியிருக்கேன், பசை காயணும். ஜன்னலைத் திறந்து விடுங்க, வாடை போகட்டும்.

நேத்து, "உன்கிட்ட கேட்டா எஞ்சின்தான் பதில் சொல்லும்போல"ன்னு கத்தினீங்க. உங்க மாற்றலைப் பத்தி நான் வாயே திறக்கலைதான். என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுத்தேன். காலையிலயும் இருப்புக்கொள்ளலை. மோட்டாரை மாட்டினேன், கழட்டினேன், மறுபடி மாட்டினேன். பல்சக்கரம் ரெண்டும் இறுகிக்கிட்டு நகரவே மாட்டேன்னுது. நடுவுல ஒரு காகிதத்தைச் செருகி, அந்த அளவுக்கு இடைவெளி விட்டு ஸ்க்ரூவை முடுக்கிட்டு, காகிதத்தை உருவினேன். ஓடிடுச்சுங்க! மேசை மேல போட்டிருந்த தண்டவாளத்துல முழுசா ஒரு சுத்து சுத்தி வந்துது. உங்களைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அப்பதான் நாம பேசிக்கிறதில்லைன்னு ஞாபகம் வந்துது.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பி.கு: மதியம் வீட்டுக்காரர் வருவார். அடுத்த மாசம் காலி பண்றோம்னு சொல்லிடுங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு: அங்க பார்க்கிற வீட்டுல ஜன்னலோரமா எனக்குன்னு தனியா ஒரு மேசை போட இடம் இருக்கணும். அதுல தட்டை வெச்சுக்கிட்டு நீங்க வந்து உட்காரக் கூடாது.